அரக்கு மெருகும் அகிம்சை விரதமும்

சென்ற சாதுர்மாஸ்ய காலத்தில் என் பேரன் தன் கையாலேயே ஒரு டீப்பாய் செய்ய முற்பட்டான். காரிமங்கலம் பக்கத்துத் தோப்பு ஒன்றில் காற்றில் சாய்ந்த பழைய மாமரத்தின் பலகைகள் ஓராண்டுக்கும் மேலாக நிழலில் உலர்ந்து கிடந்தன. அறிமுகமான தச்சர் ஒருவர் உடனிருந்து கற்பித்தார். வெளிற்றை நீக்கி வயிரப் பகுதியை எடுத்து, இழைப்புளியால் சமன் செய்து, கால்களில் துளையிட்டுக் கழுந்தைப் பொருத்தி, உப்புத் தாளால் தேய்த்து முடித்தனர். இறுதியில் மெருகேற்றும் நாள் வந்தது. தச்சர் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். தேன் நிறத்தில் மெல்லிய செதில்கள். சாராயத்தில் ஊறவைத்துத் துணியால் தேய்த்தால் கண்ணாடிபோல் மின்னும் என்றார். “இது எந்த மரத்துப் பிசின், பாட்டி?” என்று பேரன் கேட்டான்.

அது மரத்துப் பிசின் அன்று, அரக்கு. அரக்குப் பூச்சி புரசு, இலந்தை முதலிய மரங்களின் இளங்கிளைகளில் கூட்டம் கூட்டமாகப் பற்றிச் சாற்றை உறிஞ்சும். பெண் பூச்சி தன்னையும் தன் முட்டைகளையும் காத்துக்கொள்ளச் சுரக்கும் கவசமே அரக்கு. கிளைகளை வெட்டி அக் கவசத்தைச் சுரண்டி, நொறுக்கி, அலசி, உருக்கி எடுக்கிறார்கள். உள்ளிருக்கும் உயிர்கள் அழிகின்றன. அலசும் நீரில் இறங்கும் சிவப்புச் சாயம் அப் பூச்சிகளின் உடலிலிருந்து வருவதே. ஒரு கிலோ அரக்குக்கு எத்தனை ஆயிரம் பூச்சிகள் என்று எண்ணிப் பார்க்கவே மனம் நடுங்குகிறது. இத்தொழிலின் ஆராய்ச்சிக்கென்றே 1924இல் ராஞ்சியை அடுத்த நாம்கும் என்னும் ஊரில் ஒரு நிலையம் நிறுவப்பட்டது என்றால், அதன் பரப்பை உணரலாம்.

பேரனுக்கு விடை சொல்லிவிட்டேன். ஆனால், என் பார்வை நான் நாள்தோறும் சாஸ்திரம் வைத்துப் படிக்கும் பலகையின்மேல் சென்றது. நாற்பது ஆண்டுகளுக்குமுன் நானே சொல்லிச் செய்வித்த பலகை அது. “நன்றாகப் பளபளக்க வேண்டும்” என்று மட்டுமே சொன்னேன். எதனால் பளபளக்கிறது என்று கேட்கவில்லை. அதன்மேல் அகிம்சையைப் போதிக்கும் நூல்களை வைத்து நாற்பது ஆண்டுகள் சுவாத்தியாயம் செய்திருக்கிறேன்!

தகடூர் எனப் பழம்பெயர் கொண்ட இத் தருமபுரியில், நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் வணிக உடன்பிறந்தார் ஒரு பசதி எடுப்பித்ததை கி.பி. 893ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. அவர்கள் துறவியர் அல்லர், நம்மைப்போல் இல்லறத்தார். இல்லறத்தாரிடம் தொழிலையே விடு என்று நம் ஆசாரியர்கள் சொல்லவில்லை. ஆதிபகவன் உலகுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் சிற்பமும் ஒன்று. ஆனால், சிராவகர் விலக்க வேண்டிய கொடுந்தொழில்கள் பதினைந்து என்றும் நூல்கள் கூறுகின்றன. காட்டை வெட்டி விற்றல், தந்த வாணிகம், நஞ்சு வாணிகம் ஆகியவற்றோடு அரக்கு வாணிகமும் அப் பட்டியலில் இடம்பெறுகிறது. அரக்கின் பிறப்பை முன்னோர் நன்கறிந்திருந்தனர், அறியாதிருந்தது நான்தான்.

இங்கே ஒரு வினா எழுகிறது. அரக்கு விற்பவனுக்கு விலக்கு உண்டு, வாங்குபவருக்கு இல்லையா? “நான் பூச்சியைக் கொல்லவில்லை, மரத்தை வெட்டவில்லை, காசு கொடுத்து வாங்கினேன்” என்று சொல்லித் தப்ப முடியுமா? செய்தல், செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் ஆகிய மூன்று வாயில்களாலும் வினை ஊறும் என்பது நம் சமயத்தின் உறுதியான கொள்கை. கடையில் நீட்டும் பணம் செய்வித்தலே. தச்சரின் கையில் கறை படிந்ததாகவும் நம் கை தூயதாகவும் எண்ணுவது அகிம்சை அன்று, அகந்தை. அவர் உழைப்பால் வாழ்கிறார். தொழில்வழி நேரும் இம்சை அவருடையது. நம்முடையதோ வெறும் பளபளப்பின் ஆசை. இரண்டில் எது கனமானது என்று நாமே எடைபோடலாம்.

“அப்படியானால் ரசாயன வார்னிஷ் பூசிவிடலாமே” என்றார் தச்சர். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதன் ஆவி மூடிய அறையில் நாள் முழுதும் வேலை செய்வோரின் நுரையீரலைக் கெடுக்கும். குறைந்த புலன்களுடைய உயிர்க்கு இரங்கி, ஐம்புலன்களும் மனமும் உடைய மனிதரை வருத்துவது தருமமாகுமா? தேன்மெழுகும் ஆகாது, தேனை விலக்கியவர் அதே அடையின் மெழுகை நாடுவது பொருந்தாது. பழைய தச்சர்கள் பயன்படுத்திய வச்சிரப் பசையும் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சப்படுவதே.

கடைசியில் ஆளிவிதை எண்ணெயைத் தேர்ந்தோம். மெல்லியதாகத் தேய்த்து, உலரவிட்டு, மீண்டும் தேய்க்க வேண்டும். பத்து நாட்களுக்கு மேல் ஆயிற்று. தச்சர் இரண்டு நிபந்தனைகள் சொன்னார். ஒன்று, எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடக்கூடாது. தானே சூடேறித் தீப்பற்றும். விரித்து உலர்த்த வேண்டும். மற்றொன்று, விளக்கு வைத்தபின் பூசக்கூடாது. ஈசலும் கொசுவும் வந்து ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைக் கேட்டதும் எனக்கு மெய்சிலிர்த்தது. இரவுண்ணாமைக்கு நம் முன்னோர் சொன்ன காரணமும் இதுதானே! சமணரல்லாத ஒரு தொழிலாளி, தம் அனுபவத்தால் நம் விரதத்தின் உட்பொருளை உரைத்துவிட்டார்.

உளுக்கும் மரத்துக்கு நஞ்சூட்டிப் பூச்சியைக் கொல்வதைவிட, முதலிலேயே வெளிற்றை நீக்கி, நன்கு உலர்த்தி, நுண்துளைகளை எண்ணெயால் அடைத்து, அது முட்டையிட வழியில்லாமல் செய்வது மேல். வினை ஊற்றை அடைக்கும் செறிப்பு, வந்து சேர்ந்த வினையை உதிர்ப்பதினும் எளிது என்பதற்கு இதைவிட நல்ல உவமை வகுப்பறையில்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

என் பழைய பலகையை என்ன செய்வது? எறிந்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால், எறிந்தால் மாண்ட பூச்சி எதுவும் மீளப்போவதில்லை. புதிய பலகைக்கு இன்னொரு மரம் வேண்டும். இலேசியைகளை விளக்கும் கதையில், பழத்துக்காக மரத்தையே வேரோடு சாய்க்க நினைத்தவனும், உதிர்ந்த கனியே போதும் என்றவனும் ஒரே பசியுடையவர்களே. வேற்றுமை மனத்தில்தான். ஆகவே அப் பலகையை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் நூலை விரிக்குமுன் அதைத் தொட்டு, அறியாமல் செய்ததற்குப் பிரதிக்கிரமணம் செய்கிறேன்.

கவனமின்மையோடு கூடிய செயலால் உயிர்க்கு நேரும் ஊறே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. முழுவதும் இம்சையற்ற இல்லம் இவ்வுலகில் இல்லை. சில மாத்திரைகளின் மேற்பூச்சிலும் மிட்டாயின் மினுக்கிலும்கூட அரக்கு இருக்கிறது. அதனால் மனம் சோர வேண்டியதில்லை. வாங்கும் ஒவ்வொரு பொருளிடமும் “நீ எதிலிருந்து வந்தாய்?” என்று ஒருமுறை கேட்போம். நான் நாற்பது ஆண்டுகள் கேட்கத் தவறியது அந்த ஒரு கேள்வியைத்தான்.

பேரனின் டீப்பாய் கண்ணாடிபோல் மின்னவில்லை. மாமரத்தின் ரேகைகள் மட்டும் அடக்கமாகத் தெரிகின்றன. வீட்டுக்கு வருவோர், “பாலிஷ் போடவில்லையா?” என்று கேட்கிறார்கள். காரணத்தைச் சொல்ல அது நல்ல வாய்ப்பாக இருக்கிறது.