பொறுமையை யாரிடம் கேட்பது?

பொறுமை ஒரு புண்ணியம் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் அந்தப் புண்ணியத்தை நாம் யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கக் கூடாது என்ற வினாவுக்கு விடை அவ்வளவு இலேசாகக் கிடைப்பதில்லை. பெரிய துன்பங்களை இப்போதைக்கு விட்டுவிடுவோம். நமது உப்புவெளி வீதியில் அன்றாடம் நிகழும் சின்னத் தொல்லை ஒன்றை வைத்தே இதை ஆராயலாம். ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிளுக்குத் திடீரெனக் காற்றுப் போய்விடுகிறதே, அதைத்தான் சொல்கிறேன். இதில் என்ன தத்துவம் என்று வாசகர்கள் சிரிக்கலாம். வெயிலேறிய நேரத்தில் மூன்று கட்டை தூரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தவர் சிரிக்க மாட்டார்.

விடியற்காலையில் திருகோணமலை நகரிலிருந்து அலஸ்தோட்டம், உப்புவெளி, சாம்பல்தீவு வழியாக நிலாவெளி நோக்கிச் சைக்கிள் மிதிப்போரில் இரு சாரார் உண்டு. தேகப்பயிற்சிக்காகவும் கடற்காற்றுக்காகவும் போகிறவர்கள் ஒரு சாரார். ஆசிரியர்கள், உத்தியோகத்தர்கள், இளைப்பாறியவர்கள், இடைக்கிடை என்னைப் போன்ற குருவானவர்களும் இதில் அடக்கம். பின்னால் மீன்பெட்டி கட்டியவர், மேசன் வேலைக்குப் போகிறவர், மரக்கறி மூட்டை ஏற்றியவர் முதலானோர் மற்றச் சாரார். வீதியோர மணலில் கிடக்கும் நெருஞ்சி முள் இந்த வேற்றுமையைப் பார்ப்பதில்லை. எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேல்நோக்கி நிற்கும்படி அமைந்த காய் அது. தாவரவியலார் அதற்கு இட்ட பெயர் திரிபுலுஸ். ஆதியாகமத்தின் பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பிலும், ஆதாமின் வீழ்ச்சிக்குப் பின் நிலம் முளைப்பிக்கும் முட்பூண்டுக்கு இதே சொல்தான் வருகிறது. நிலாவெளி வீதியில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு இது ஆச்சரியமாக இராது.

முள்ளுக்கு இந்த வலிமையைக் கொடுத்தது நாம் விரும்பிய சுகமே. முற்காலச் சைக்கிள்களில் கட்டி இறப்பர்தான் பூட்டியிருந்தார்கள். அது எலும்பைக் குலுக்கும், ஆனால் ஒருநாளும் காற்றுப் போகாது. பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் போய்ட் டன்லப், தம் மகனின் முச்சக்கரச் சைக்கிளுக்காகச் செய்து பார்த்த காற்று ரயருக்கு 1888இல் காப்புரிமை பெற்றார். சவாரி மெதுவானது, பழுது கூடவே வந்து சேர்ந்தது. றிம்மோடு ஒட்டியிருந்த அந்த ரயரைக் கழற்றித் திருத்துவதே பெரும் பாடாக இருந்தபடியால், 1891இல் மிஷலன் சகோதரர்கள் இலகுவில் கழற்றக்கூடிய ரயரைக் கொண்டுவந்தார்கள்.

காற்றுப் போனவுடன் முதலில் எழுவது கோபம். வீதியைத் திட்டுகிறோம், ரயர் விற்றவரைத் திட்டுகிறோம், காற்றடித்துத் தராத பிள்ளையைத் திட்டுகிறோம். கோபத்தோடு ஒட்டுப் போட்டுப் பாருங்கள், என்ன நடக்கும் என்று தெரியும். ரியூபைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் காண வேண்டும். துடைத்துக் காயவிட்டு, அரத்தாளால் உரைஞ்சி, சொலூசன் பூசி, அது ஈரம் வற்றிப் பிசுபிசுக்கும் வரை சும்மா இருக்க வேண்டும். அந்தச் சில நிமிடந்தான் பலருக்கு முடியாமல் போகிறது. ஈரத்தோடு அமத்திய ஒட்டு அடுத்த திருப்பத்திலேயே கழன்றுவிடும். அதிலும் முக்கியமானது, ரயரின் உட்பக்கத்தை விரலால் ஒரு சுற்று மெதுவாகத் தடவிப் பார்ப்பது. முள் அங்கேயே இருந்தால் எத்தனை ஒட்டுப் போட்டும் பயனில்லை.

பொறுமையின் வேலை கோபத்தை அடக்குவதே என்று நாம் சாதாரணமாக எண்ணுகிறோம். புனித தோமஸ் அக்குவினாஸ் அப்படிச் சொல்லவில்லை. கோபத்தை மட்டுப்படுத்துவது சாந்தகுணத்தின் வேலை என்று அதைத் தனியாக வைக்கிறார். துக்கம் மேலிட்டு, அறிவு நமக்குக் காட்டிய நன்மையை நாம் கைவிட்டுவிடாதபடி காப்பதுதான் பொறுமை. ஆகையால் அதை மனத்திடம் என்னும் புண்ணியத்தோடு சேர்க்கிறார். எனவே பொறுமையுள்ளவன் வெறுமனே தாங்கிக்கொண்டு நிற்பவன் அல்லன். கைவிடக் கூடாத ஒரு நன்மை அவன் முன்னே இருக்கிறது. முள்ளைத் தேடும் அந்த விரல் அதை நோக்கியே போகிறது.

இனி அந்த இரு சாராரையும் பார்ப்போம். காலைச் சவாரிக்காரருக்குக் காற்றுப் போனால், போவது ஒரு காலைப்பொழுது. அவருக்கு முன்னே நிற்கும் நன்மை தேகசுகமும் மனச் சந்தோஷமும். வீதியோரத்தில் அரைமணி குந்தியிருப்பதால் அவை பெரிதாகக் குறைந்துவிடா. சில வேளை கூடவுஞ் செய்யும். மீன்பெட்டிக்காரருக்கு முன்னே நிற்கும் நன்மை வேறு. ஐஸ் கரையுமுன் மீன் விலைப்பட வேண்டும், அந்தப் பணத்தில் அன்றைய அடுப்பு எரிய வேண்டும். பழுது ஒன்றுதான், இழப்பு வேறு. முதலாமவர் இரண்டாமவரைப் பார்த்து, “பொறுமையாய் இருங்கள், எல்லாம் நன்மைக்கே” என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போவாரானால், தம்மால் மலிவாக வாங்கக்கூடிய ஒரு பொருளை மற்றவரிடம் பெருவிலைக்கு விற்கிறார் என்றே சொல்ல வேண்டும். நம் கையில் உள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்தறியச் சொன்ன எபிக்தேத்துஸ் என்னும் பழைய தத்துவஞானி அடிமையாய் இருந்தவர். அவர் அதைச் சொல்லலாம். அவருடைய எஜமான் சொல்லியிருந்தால் கேட்கச் சகிக்குமா?

அன்றியும் எல்லாப் பழுதும் நெருஞ்சி முள்ளால் வருவதில்லை. முள்ளுக்கு மனம் இல்லை, அதனோடு வழக்காட முடியாது. ஆனால் 1990ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடையில் கிடந்த யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். எரிபொருள் அரிதாகி ஊரே சைக்கிளில் ஓடியது. பற்றரி கிடையாமையால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். அந்தச் சாமர்த்தியத்தை இன்றும் பெருமையோடு பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனாலும் அந்தப் பற்றரி இல்லாமை தானாக வந்ததன்று, மனிதர் தீர்மானித்து வந்தது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது நாடு முழுவதும் சைக்கிளுக்குத் திரும்பியது. சைக்கிள் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் வெகுவாக ஏறின. ரியூப் வாங்க முடியாத கூலித் தொழிலாளியிடம் போய்ப் பொறுமையைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்த விலைக்கு யார் பொறுப்பு என்று கேட்டிருக்க வேண்டும். தீமைக்குக் காரணமானவன் ஒருவன் இருக்கும்போது, அவன் பெயரைச் சொல்லாமல் பொறுமையை மட்டும் போதிப்பது அவனுக்குச் செய்யும் சேவகம்.

இப்படிப் பேசினால் சனங்கள் தன் காலில் நிற்கப் பழக மாட்டார்களே என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். இதற்கு நேரே பொருந்தும் கதை ஒன்று உண்டு. பிரான்ஸ் நாட்டைச் சுற்றும் பெரிய சைக்கிள் ஓட்டப் போட்டியில், 1913ஆம் ஆண்டு, எயுஜேன் கிறிஸ்தோப் என்பவர் பிரனீஸ் மலைத்தொடரில் துர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது அவருடைய சைக்கிளின் முன்கவை முறிந்தது. பழுதை ஓட்டக்காரரே எவர் உதவியுமின்றித் திருத்த வேண்டும் என்பது அக்காலப் போட்டி விதி. அவர் சைக்கிளைச் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து, மலையடிவாரக் கிராமம் ஒன்றில் கொல்லன் பட்டறையைக் கண்டார். கொல்லன் பார்த்து நிற்க, நடுவர்கள் பார்த்து நிற்க, தாமே இரும்பைக் காய்ச்சி அடித்துக் கவையைப் பொருத்தினார். இரு கைகளும் வேலையில் இருந்தபடியால் துருத்தியை ஒரு சிறுவன் ஊதினான். அதற்காக அவருக்குப் பத்து நிமிடத் தண்டனை! பிற்பாடு அதை மூன்று நிமிடமாகக் குறைத்தார்கள். மணித்தியாலக் கணக்கில் பிந்திய அவர் அந்தப் போட்டியை ஏழாவதாக முடித்தார்.

கிறிஸ்தோப்பின் மனத்திடம் வியப்புக்குரியது. போட்டிக்கு அப்படியொரு விதி இருக்கட்டும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிலாவெளி வீதியில் போட்டி எதுவும் நடக்கவில்லை. அங்கே காலைச் சவாரி போகிற நம்மில் பலரின் பையில் ஒரு சின்னப் பம்பும், ஒட்டுத் துண்டும், சொலூசன் குழாயும் இருக்கின்றன. வழியில் மீன்பெட்டியோடு ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதைக் கண்டு நின்றால், கால் மணியோ அரை மணியோ நமக்குப் பிந்தும். ரயரைத் தடவி முள்ளை எடுக்க அவருக்கே தெரியும். பம்பைக் கொடுத்துவிட்டு, சொலூசன் காயும் வரை மீன்பெட்டியை நிழலில் பிடித்துக்கொண்டு நின்றால் போதும்.