பதிவேடும் அடைக்கலமும்

ரப்பர்த் தோட்டங்களில் நாள்தோறும் இருவகை ஏடுகளைக் கொண்டு பெயர் அழைக்கப்பட்டது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் கிராணியார் கையில் இருந்த செக்ரோல் ஒன்று. பொழுது புலர்ந்தபின் தோட்டப் பள்ளியில் ஆசிரியர் கையில் இருந்த வருகைப் பதிவேடு மற்றொன்று. முன்னது அன்றைய கூலியைக் கணக்கிடுவதற்காக ஆட்களை எண்ணியது. பின்னது அவ்வாட்களின் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்தது. இரண்டும் கோடிட்ட தாள்களே. இரண்டிலும் இருந்தவை பெயர்களும் குறிகளுமே. ஆயினும் அவற்றை எழுதியதன் நோக்கம் வேறு. ஒன்று தோட்ட நிருவாகத்திற்காக எழுதப்பட்டது. மற்றது குழந்தைக்காக எழுதப்பட்டது.

இவ்வேறுபாட்டை இன்று நினைவுகூர்தற்குக் காரணம் உண்டு. 1912, 1923 ஆகிய ஆண்டுகளின் தொழிலாளர் சட்டங்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைக்க வழிசெய்தன. அத்தொடக்க காலத்தில் எழுத்தறிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியராக அமர்ந்ததும் உண்டு. செக்ரோல் எழுதிய கையே பள்ளிப் பதிவேட்டையும் எழுதிற்று. 1957இல் விடுதலை பெற்றபோது மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை 520-க்குச் சற்று மேல். நெகிரி செம்பிலானில் மட்டும் 60-க்கு மேற்பட்டவை உள்ளன. சிரம்பான், போர்ட்டிக்சன், ரெம்பாவ், தம்பின் வட்டாரங்களில் பால்மரம் செம்பனைக்கு இடம் தந்தது. செம்பனை பலவிடத்து வீடமைப்புக்கு இடம் தந்தது. எனினும் அப்பள்ளிகளுள் பல, தோட்டத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. ஆசிரியர் கையிலிருந்த பதிவேடோ கணினிக்குள் புகுந்துவிட்டது.

மாணவர் விவரங்களைக் காக்கும் மென்பொருளைத் தெரிவு செய்வது ஒரு தொழில்நுட்பச் சிக்கல் என்றே பலரும் கருதுவர். விலை என்ன, விரைவு என்ன, எத்தனை படிவம் அச்சாகும் என்பனவே அவர்தம் வினாக்கள். அரசு வகுத்த முறைமையில் வருகையையும் விவரத்தையும் பதிதல் பள்ளிகளின் கடமை. அதில் தெரிவுக்கு இடமில்லை. ஆயினும் அதற்கு அப்பால் மதிப்பெண் தொகுக்கவும், பெற்றோர்க்குச் செய்தி அனுப்பவும், உதவித்தொகை, பேருந்து, சிற்றுண்டி ஆகியவற்றின் கணக்கை வைக்கவும் பள்ளிகள் தாமாகவே ஒரு கருவியை நாடுகின்றன. சந்தா செலுத்திப் பெறும் வணிக மென்பொருளா, இலவசமாகக் கிடைப்பதா, ஓர் ஆசிரியர் தம் மடிக்கணினியில் அமைத்த அட்டவணையா என்று தெரிய வேண்டியவர்கள் தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருமே. தெரிவு என்பது வந்துவிட்டால் அங்கே அறமும் வந்துவிடுகிறது.

முதற்கண், மென்பொருளுக்கு உரிய பெருமையை மறுத்தல் நேர்மையாகாது. 150 மாணவர்க்குக் குறைந்த சிறு பள்ளிகள் தோட்டப்புறங்களில் பலவாகும். அங்கே ஒரே ஆசிரியர் வகுப்பும் நடத்தி, விளையாட்டும் கவனித்து, படிவமும் நிரப்புகின்றார். ஒரே பெயரை ஐந்து தாளில் ஐந்து முறை எழுதும் வேளை, பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிக் கற்பிக்க வேண்டிய வேளையாகும். அவ்வேளையை மீட்டுத் தரும் கருவி நல்ல கருவியே. ஆனால் மீட்ட நேரத்திற்கு விலையாக எது கொடுக்கப்படுகின்றது என்பதே வினா.

ஒரு பதிவேட்டின் மதிப்பு எத்தகையது என்பதைத் தோட்ட மக்களின் வரலாறு நன்கு உணர்த்தும். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, குடியுரிமை இல்லாதவர் வேலை அனுமதி பெற வேண்டியதாயிற்று. உரிய தாள் இல்லாத காரணத்தால் பல்லாயிரவர் கப்பலேறினர். 2011இல் மைடஃப்தார் என்னும் பதிவியக்கம் இந்திய வம்சாவளியினருக்காகத் தொடங்கப்பட்டதே, பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் இல்லாதார் அப்போதும் இருந்தனர் என்பதற்குச் சான்று. பதியப்படாமையால் துன்புற்ற மக்கள் இவர்கள். எனவே பதிவே வேண்டா என்று இவர்களிடம் கூறுதல் இயலாது. எத்தகைய பதிவு என்பதே கேட்கத்தக்கது.

இங்கு மூன்று வினாக்கள் எழுகின்றன. முதலாவது: குழந்தையை உள்ளவாறே ஏற்கும் இயல்பு அக்கருவிக்கு உண்டா? அடையாள எண் இன்றி அடுத்த பக்கத்திற்குச் செல்லவிடாத மென்பொருள், எண் இல்லாத பிள்ளையை வாயிலிலேயே நிறுத்துகின்றது. பழைய ஆசிரியர் அவ்விடத்தை வெறுமையாக விட்டு, பெயரை எழுதிக்கொண்டு, பிள்ளையை அமரச் செய்யலாம். அவ்வெறும் இடத்தில் ஓர் இரக்கம் இருந்தது. கருவி அதனை அனுமதிக்கவில்லையெனில், அங்கே தெரிவு செய்யப்பட்டது கருவி மட்டுமன்று. ஒரு பிள்ளையை விலக்கும் முடிவும் ஆகும்.

இரண்டாவது: அக்கருவி மறக்க அறியுமா? பத்து வயதில் ஒருவன் செய்த குறும்பும், தந்தையின் குடிப்பழக்கம் பற்றி ஆசிரியர் எழுதிய குறிப்பும் தாளில் இருந்தால் கறையான் தின்னும், காலம் மறைக்கும். கணினியில் அவை நிற்கும், நகலாகும், அறியாதார் கைக்கும் செல்லும். பிள்ளையின் அடையாள எண்ணைக் கொண்டு பெற்றோர் தேர்வு முடிவைக் காண உதவிய அரசு இணையத்தளம் ஒன்று, தனித்தகவல்கள் பிறர்க்கு எட்டக்கூடிய குறைபாடு வெளிப்பட்டமையால் 2018 ஜூன் மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. பெரிய அமைப்புக்கே இந்நிலை எனில், ஒரு மடிக்கணினியில் பூட்டின்றிக் கிடக்கும் அட்டவணைக்கு என்ன காவல்?

மூன்றாவது: கருவியை விற்றவர் விலகினால் ஏடு யாரிடம் இருக்கும்? நாடெங்கும் பள்ளிகளில் 2012 முதல் பரப்பப்பட்ட ஃபிராக் வி.எல்.இ. என்னும் கற்றல் தளம் 2019இல் ஒப்பந்தத்தோடு முடிவுற்றது. ஆசிரியர்கள் வேறு தளத்திற்கு மாறினர். மென்பொருள்கள் வரும், போகும். பள்ளி தன் விவரங்களைத் தானே எடுத்துக்கொள்ள இடந்தராத கருவி, ஏட்டை அடகு வாங்கிய கருவியேயாகும்.

இவற்றையெல்லாம் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பார் உளர். 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத் துறைக்கே உரியது. கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் அது பொருந்தாது. சட்டம் நின்றுவிடும் இடத்தில் மனச்சான்று தொடங்க வேண்டும். மாணவன் தன் விவரத்தைத் தானே விரும்பிக் கொடுப்பதில்லை. தந்தையும் தாயும் ஆசிரியரை நம்பிக் கொடுக்கின்றனர். எங்குச் செல்லும் என்று கேளாமலே கையொப்பம் இடுகின்றனர். அந்நம்பிக்கைக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு: அடைக்கலம்.

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர் முதுமகள் மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கின்றார். மாதரி செல்வம் உடையவள் அல்லள். ஆட்சி உடையவள் அல்லள். கோவலன் கொலையுண்டதில் அவள் குற்றம் ஏதும் இல்லை. இருந்தும் அடைக்கலப் பொருளை இழந்தேன் என்று அவள் தீப்புகுந்தாள் எனக் காப்பியம் கூறும். அவள் முடிவு எவரும் பின்பற்றத்தக்கதன்று. ஆனால், ஒப்படைக்கப்பட்டது தன் உடைமையன்று, எனினும் அதற்குப் பொறுப்பு தன்னுடையதே என்ற அவ்வுணர்வு ஆசிரியர்க்கு உரியது.

இருபது பிள்ளைகள் உள்ள ஒரு சிறு பள்ளிக்கு இத்துணை ஆராய்ச்சி மிகையன்றோ என வினவலாம். சிறு பள்ளியில்தான் இது மிகவும் வேண்டற்பாலது. இருபது பேருள் ஒருவனைப் பற்றிய குறிப்பு வெளிப்பட்டால், அவன் யாரென்று ஊரே அறியும். மேலும் இவ்வாராய்ச்சிக்குப் பொருட்செலவு இல்லை. தேவைக்கு மேற்பட்டதைக் கேளாதிருத்தல், காண வேண்டியவர் மட்டும் காணச் செய்தல், பிள்ளை பள்ளியை விட்டகன்றபின் வேண்டாதவற்றை அழித்தல், சேர்க்கைப் பதிவின் நகலைப் பள்ளியிலேயே காத்தல் ஆகியவை எளிய கடமைகளே. இவற்றுக்கு இடந்தரும் கருவி சிறிதாயினும் கொள்ளத்தக்கது. இடந்தராதது இலவசமாயினும் தள்ளத்தக்கது.

பிள்ளைகளை எண்ணிக்கையாக மட்டும் காணும் மென்பொருளைக் கொள்ளும் பள்ளி, தான் அறியாமலே செக்ரோலைத் திரும்ப எழுதத் தொடங்குகின்றது. தோட்டத்து ஆசிரியர்கள் மரபாக விட்டுச் சென்றது பெயர் சொல்லி அழைக்கும் ஏடு. அதனைத் தாளில் காப்பதா, கணினியில் காப்பதா என்பது வசதியைப் பொறுத்தது. அதனை அடைக்கலமாகக் காப்பது மட்டும் எக்காலத்தும் மாறாத கடன்.