பறைக்குத் தீட்டு உண்டா?

மேடை ஏறுவதற்கு முன், பின்பக்கம் ஒரு சின்னத் தீ மூட்டுவார்கள். வைக்கோலோ பழைய செய்தித்தாளோ போதும். பறையின் முகத்தை அந்தத் தீயில் காட்டித் திருப்பித் திருப்பி, இடையிடையே விரலால் தட்டிப் பார்ப்பார்கள். காற்றின் ஈரத்தைக் குடித்துத் தொய்ந்த தோல், சூடு ஏற ஏற இறுகும். மொத்தென்று கேட்டது கணீரென்று கேட்கத் தொடங்கியதும் பறை தோளுக்கு ஏறும். இடக்கையில் நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. காலங்காலமாக ஆண்கள் மட்டுமே செய்துவந்த வேலை இது. திண்டுக்கல்லில் 1990இலிருந்து பெண்கள் செய்கிறார்கள். குழுவின் பெயர் சக்தி கலைக்குழு. தொடங்கியவர் ஒரு கத்தோலிக்கத் துறவி, அருட்சகோதரி சந்திரா.

இன்று பறைக்கு மவுசு கூடிவிட்டது. கல்லூரி விழாக்களில் அடிக்கிறார்கள். அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களில் வார இறுதி வகுப்பு நடக்கிறது. சென்னையில் 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கிடாரையும் ராப்பையும் கானாவையும் பறையையும் ஒரே மேடையில் நிறுத்தியது. இந்த இசையை விரும்புகிறவர்கள் கொஞ்சம் பின்னால் போய், சக்தி குழுவின் தொடக்க ஆண்டுகளையும் பார்க்க வேண்டும். எந்த ராக் குழுவின் தொடக்கக் கதைக்கும் குறையாத துணிச்சல் அங்கே இருக்கிறது. அதோடு ஒரு பெரிய சமயக் கேள்வியும் இருக்கிறது: தீட்டு என்பது எங்கே இருக்கிறது?

கன்னியாஸ்திரிகள் ஊர்ப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து என்ன கற்றுக்கொடுப்பார்கள் என்பதில் ஊருக்கு ஒரு கணக்கு உண்டு. தையல், பூவேலை, ஆர்மோனியத்தோடு நாலு பாட்டு. சந்திரா சேர்த்தவர்களில் பெரும்பாலோர் தலித் குடும்பத்துப் பெண்கள். பலர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். திண்டுக்கல் சமவெளியில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு முன்னால் இருந்த வழிகள் காட்டுவேலை, நூற்பாலை, சீக்கிரமே ஒரு கல்யாணம். அவர்கள் கையில் பறையைக் கொடுத்தார் சந்திரா. ஒயிலாட்டம், கும்மி, கோலாட்டம் எல்லாம் கூடவே வந்தன. ஆனாலும் குழுவின் உயிர் பறைதான்.

அந்தக் காட்சியில் ஊர் பார்த்த தீட்டு ஒன்றல்ல, மூன்று. செத்த மாட்டின் தோல் முதல் தீட்டு. சாவு வீட்டோடு சேர்ந்த ஒலி இரண்டாவது. மாதவிலக்கைக் காரணம் காட்டிச் சாமி காரியங்களிலிருந்து தள்ளிவைக்கப்பட்ட பெண்ணுடல் மூன்றாவது. பறையடிக்கும் சமூகத்துக்குள்ளேயே பெண்ணுக்கு ஒப்பாரி உண்டு, மாரடிப்பு உண்டு. குச்சி மட்டும் கிடையாது. விலக்கிவைத்த மூன்றையும் ஒரே உருவமாக்கி மேடையில் நிறுத்திவிட்டார்கள் திண்டுக்கல்லில்.

முதல் தீட்டை எடுத்துக்கொள்வோம். தோல் திண்டுக்கல்லுக்குப் புதிதல்ல. பூட்டுக்கும் சுருட்டுக்கும் பேர்போன இந்த ஊர் தோலுக்கும் பேர்போனது. தோல் ஷாப்புகளின் சுண்ணாம்புக் குழிகளில் இறங்கி நின்று உழைத்தவர்களின் வாழ்க்கையைத்தான், திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்த டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதினார். 2012இல் அதற்கு சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. குழியில் நிற்பவனைத் தொடத் தயங்கிய கைகள், பதமாகி வெளியே வந்த தோலை விற்றுக் காசு எண்ணத் தயங்கவில்லை.

மிருதங்கத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பசு, எருமை, ஆடு என மூன்று விலங்குகளின் தோல் அதில் உண்டு. அந்த மிருதங்கம் சன்னிதியில் வாசிக்கப்படுகிறது, வாசிக்கும் முன் தொட்டு வணங்கப்படுகிறது. அதைச் செய்துதரும் கைகள் பெரும்பாலும் தலித் கிறித்தவர்களுடையவை என்பதை டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலில் விரிவாக எழுதினார். அந்த நூலின் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரே தோல். ஒன்று கருவறைக்குப் பக்கத்தில், மற்றொன்று ஊருக்கு வெளியே. ஆக, தீட்டு தோலில் இல்லை. அடிக்கிறவன் யார் என்பதில் கொண்டுபோய் அதை ஒட்டவைத்திருக்கிறார்கள்.

இந்த ஒட்டு பழையதா என்று கேட்டால் தமிழ் இலக்கியம் வேறு சாட்சி சொல்கிறது. தொல்காப்பியம் ஐந்து நிலத்தின் கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் சேர்த்துச் சொல்கிறது. பறை இல்லாத திணையே கிடையாது. ஆண்டாள் மார்கழியில் கண்ணனிடம் கேட்டதும் பறைதான். வைணவ ஆசாரியர்கள் அதைக் கைங்கர்யம் என்று விளக்கினார்கள்: அன்பின் மிகுதியில் ஒருவர் தாமே முன்வந்து செய்யும் தொண்டு. கேட்டுப் பெறும் தொண்டு அது. கட்டாயத்தின் பேரில் செய்யும் ஊழியம் அதற்கு நேர் எதிர்.

கிறித்தவத்துக்குள் கதை எப்படி? தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்தே தமிழ்க் கிறித்தவ இசையில் உயர்ந்த இடம் கர்நாடக முறைக் கீர்த்தனைகளுக்கு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஆவணம், அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்புத் தரச் சொன்னது. ஆலயத்தின் மாண்புக்குப் பொருந்தினால் மற்ற இசைக்கருவிகளையும் ஏற்கலாம் என்றது. கதவு திறந்தது. ஆனால் உள்ளே வந்தவை பெரும்பாலும் குத்துவிளக்கும் பஜனையும் சமஸ்கிருத மந்திரமும். குளித்தலைக்கு அருகே 1950இலேயே தொடங்கிய சாந்திவனம் ஆசிரமம் அந்தப் பாதையின் நல்ல எடுத்துக்காட்டு. அந்தத் தேடல் உண்மையானது, ஆழமானது. ஆனால் தமிழ்ப் பண்பாடு என்று எடுத்துக்கொண்ட பட்டியலில் சேரியின் ஒலி இல்லை.

அதைச் சேர்க்கப் போராடியவர்களில் முக்கியமானவர் மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு. மாணவர்களுக்கு அவர் 'பரட்டை' அண்ணன். நாட்டுப்புற மெட்டில் ஒரு வழிபாட்டு முறையையே அமைத்தவர். கடவுள் எல்லாருக்கும் ஒரே உலையில் சோறு பொங்குகிற தாய் தந்தை என்பது அவர் இறையியல். அவருடைய இசை பற்றி நூல் எழுதிய அமெரிக்க இசையியலாளர் ஸோயி ஷெரினியன்தான், பின்னால் திண்டுக்கல் குழுவைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்ற ஆவணப்படத்தையும் எடுத்தார். படத்தில் அந்தப் பெண்கள் அடிக்கும்போது பார்க்க வேண்டும். வட்டமாகச் சுற்றி, குனிந்து நிமிர்ந்து, காலடி பிசகாமல், நேராக நம் கண்ணைப் பார்த்து அடிக்கிறார்கள். குனிந்தே பழக்கப்பட்ட தலை அப்படி நிமிர்வது ஒரு இறையியல் கூற்று. அதற்கு விளக்கவுரை தேவையில்லை.

ஆனால் இந்த மகிழ்ச்சிக்கு எதிராக ஒரு வலுவான குரல் உண்டு, அது தலித் மக்களுக்குள்ளிருந்தே வருகிறது. செத்த மாட்டை இழுப்பதை நிறுத்துங்கள் என்று அம்பேத்கர் சொன்னார். அதே உணர்வில் தமிழ்நாட்டின் பல சேரிகளில் இனி யார் வீட்டுச் சாவுக்கும் அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தார்கள். அதற்காக அடி வாங்கினார்கள், ஊரின் பகையைச் சம்பாதித்தார்கள். அவர்கள் கேட்கிறார்கள்: எங்கள் அப்பன் அவமானப்பட்டு அடித்ததை நீங்கள் எப்படிக் கலை என்று கொண்டாடுகிறீர்கள்? இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிட முடியாது. அந்த அவமானத்தை அனுபவித்தவர்களின் கேள்வி அது.

திண்டுக்கல் குழு இந்தக் கேள்விக்குச் செயலால் ஒரு பதில் தந்திருக்கிறது. கீழே வைத்தவர்களும் கையில் எடுத்தவர்களும் ஒரே உரிமையைத்தான் நிலைநாட்டினார்கள்: அடிப்பதா வேண்டாமா என்பதை நானே முடிவு செய்வேன். ஊர் கூப்பிட்டால் போயே தீர வேண்டும் என்றிருந்த வரைக்கும் அந்தக் கருவிக்கு வழிபாட்டில் இடம் கேட்பதே பொருளற்றது. அடிமையின் கையால் வாங்கும் காணிக்கை எந்தக் கடவுளுக்கும் காணிக்கை ஆகாது. மறுக்க முடிந்த கை அடிக்கும்போதுதான் பறை ஜெபமாகிறது. அந்த வகையில் மறுத்தவர்களின் போராட்டம் இல்லாமல் சக்தி குழுவின் மேடை இல்லை.

இன்று சில பங்குகளில் திருவிழாத் தேரோடு பறை வருகிறது. நல்லதுதான், ஆனால் அது பாதி வழி. திருவிழாவுக்கு மட்டும் பறையைக் கூப்பிடுவது, அதன் துக்கத்தை வெளியிலேயே நிறுத்திவைப்பது. 'தலித்துகளும் கிறித்தவமும்' பற்றி 1998இல் ஆங்கிலத்தில் நூல் எழுதிய சத்தியநாதன் கிளார்க், கிறிஸ்துவையே பறையாகக் காணலாம் என்றார். யோசித்தால் அதில் மிகை இல்லை. இந்த மதத்தின் நடுவில் நிற்பது ஒரு சாவு. நகர வாசலுக்கு வெளியே, குற்றவாளிகளோடு, தீண்டத்தகாதவனைப்போல் செத்த ஒருவரின் சாவு. சப்பரத்து அடிக்கு இடம் கொடுத்த ஆலயம் சாவு அடிக்கும் இடம் கொடுக்க வேண்டிய நாள் ஒன்று உண்டென்றால், அது பெரிய வெள்ளிதான்.

திண்டுக்கல் 2003இல் தனி மறைமாவட்டமாகும் வரை திருச்சியோடு இருந்தது. அந்தத் திருச்சியின் மேலப்புதூரில்தான் தலித் கிறித்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவர் எழுந்தது. செத்த பிறகும் தீட்டு பார்த்த சபைக்கு, சாவின் பறையைப் பீடத்தின் முன் கேட்பது எளிதாக இருக்காது. ஆனால் கேட்டாக வேண்டும். பெரிய வெள்ளியன்று அடிக்க, குச்சி பிடித்துப் பழகிய கைகளுக்குத் திண்டுக்கல்லில் பஞ்சமில்லை. அடிப்பார்களா என்று அந்தப் பெண்களிடம் முதலில் மரியாதையோடு கேட்க வேண்டும், மாட்டோம் என்று சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.