அடுத்தவர் நிலத்தைக் கொடுத்து வாங்கிய அமைதி

கென்னடி என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் வருவது கியூபாதான். 1962 அக்டோபர், பதின்மூன்று நாட்கள். தளபதிகள் குண்டு போடச் சொல்கிறார்கள், இளம் அதிபர் பொறுக்கிறார், துருக்கியில் இருக்கும் ஏவுகணைகளை அகற்றிக்கொள்வதாக ரகசியமாக ஒப்புக்கொள்கிறார், உலகம் தப்பிக்கிறது. இந்தக் கதையோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஜொகூர்க்காரனான என்னை உறுத்துவது அதற்கு இரண்டு மாதம் முந்தைய ஒரு தேதி.

1962 ஆகஸ்டு 15, நியூயார்க் ஒப்பந்தம். நியூகினியின் மேற்குப் பாதி டச்சுக்காரர்களிடம் இருந்தது. சுகர்னோ அதைக் கேட்டார். சோவியத் அவருக்குப் போர்க்கப்பலும் குண்டுவீச்சு விமானமும் கொடுத்துக்கொண்டிருந்தது. டச்சுக்காரர்கள் பக்கம் நின்றால் ஜகார்த்தா முழுசாக மாஸ்கோவின் கைக்குப் போய்விடும் என்பது கென்னடியின் கணக்கு. தம்பி ராபர்ட்டை ஜகார்த்தாவுக்கு அனுப்பினார், டச்சு அரசை நெருக்கினார், எல்ஸ்வொர்த் பங்கர் நடுவராக உட்கார்ந்தார். 1963 மே மாதம் நிலம் கைமாறியது. ஒப்பந்தத்தில் பாப்புவா மக்களின் கையெழுத்து கிடையாது. பிறகு அவர்களைக் கேட்போம் என்று ஒரு வாக்கு மட்டும் இருந்தது. 1969-இல் கேட்டார்கள். ஏறக்குறைய எட்டு லட்சம் பேரில் ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பொறுக்கி, ராணுவம் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே பதிலைச் சொல்ல வைத்தார்கள்.

'போர் வந்திருந்தால் அந்த எட்டு லட்சத்தையும் சேர்த்துத்தானே எரித்திருக்கும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் நான் படித்தது கட்டுமானப் பொறியியல். ஒரு தூணை எடுத்தால் அதன் பளு காணாமல் போகாது, வேறெங்கோ இறங்கும். எங்கே இறங்குகிறது என்று வரைபடத்தில் காட்டாமல் கையெழுத்துப் போடக் கூடாது. கியூபாவில் கென்னடி விட்டுக்கொடுத்தது பழசாகிப்போன சில ஏவுகணைகளையும் கொஞ்சம் கௌரவத்தையும். (துருக்கியையும் யாரும் கேட்கவில்லை, அது வேறு. ஆனால் துருக்கியர்கள் தங்கள் நாட்டை இழக்கவில்லை.) பாப்புவாவில் அவர் விட்டுக்கொடுத்தது அவருடையதே அல்ல. இரண்டையும் 'ராஜதந்திரம்' என்ற ஒரே சொல்லில் போட்டு மூட எனக்கு மனசில்லை.

சரி, அந்த விலைக்குச் சுகர்னோ அமைதியானாரா? 1963 செப்டம்பர் 16-இல் மலேசியா பிறந்தது. கன்ஃப்ரண்டாசி முற்றியது. 1964 ஆகஸ்டு 17-இல் பொந்தியான் கரையில் இறங்கினார்கள். செப்டம்பர் 2-இல், இடிமழையில், லாபிஸ் பக்கத்தில் சுமார் நூறு பேர் பாராசூட்டில் குதித்தார்கள். அவர்களைச் சுமந்து வந்தவை அமெரிக்காவில் செய்த ஹெர்குலிஸ் விமானங்கள். மலேசியா ஐ.நா.வுக்குப் போனது. பாதுகாப்புச் சபையில் ஒன்பது ஓட்டு ஆதரவு, சோவியத்தின் வீட்டோ. முடிந்தது. லாபிஸ் பக்கத் தோட்டத்தில் பிறந்த என் பாட்டிக்குக் கென்னடி என்ற பேரே தெரியாது. பால்மரக் காட்டுக்குள் போகப் பயந்த நாட்கள் மட்டும் தெரியும்.

ஆனால் கோலாலம்பூருக்கு மேசையில் ஒரு நாற்காலி இருந்தது. கென்னடி இறந்த பிறகு, 1964 ஜனவரியில் ராபர்ட் சமரசத்துக்கு வந்தபோது துங்குவை வந்து பார்த்தார். பிரிட்டிஷ் படை துணைக்கு இருந்தது. பாப்புவாவுக்கு இரண்டும் இல்லை. அன்றைக்கு அந்தப் பேரத்தில் சரவாக்கை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழனிடம் கேட்டேன். அவன் மிரிக்காரன், இபான்.

சிரித்தான். "எங்கள மட்டும் கேட்டுத்தான் சேர்த்தாங்களா?"

கொபோல்ட் ஆணையம் வந்ததே, 1962-இல் சபா, சரவாக் இரண்டிலும் நாலாயிரம் பேருக்கு மேல் கேட்டார்களே என்றேன். "ஆணையத்துல எத்தனை பேரு?" ஐந்து பேர், மூன்று பிரிட்டிஷ்காரர்கள், இரண்டு மலாயாக்காரர்கள். "எங்காளு?" ஒருவரும் இல்லை. நாலாயிரம், ஆயிரத்துச் சொச்சத்தைவிட நிச்சயம் பெரிய எண். எத்தனை பேரைக் கேட்டால் 'கேட்டாயிற்று' என்று சொல்லலாம் என்று அவன் கேட்டதற்கு என்னிடம் எண் எதுவும் இல்லை.