சூரன் சாகல, மயிலாயிட்டான்!

ஓம் சரவண பவ.



ரேஸ் என்று சொன்னவுடனே நம்ம எல்லாருக்கும் ஞாபகம் வருவது பழனி மாம்பழக் கதைதான். தம்பி உலகத்தைச் சுத்தினான், அண்ணன் அம்மா அப்பாவைச் சுத்தினார். ஆனால் இன்றைக்கு நான் சொல்லப்போவது வேறொரு மாமரத்தைப் பற்றி. அது நின்றது நடுக்கடலில்.

போன வருஷம் ஒரு ஸ்பிரிண்ட் டிரையத்லானுக்குப் பேர் கொடுத்தேன். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றும் அடுத்தடுத்து. ஈரத்தோடு வந்து சைக்கிள் எடுக்கிற நேரமும், சைக்கிளை வைத்துவிட்டு ஓடக் கிளம்புகிற நேரமும்கூடக் கணக்கில் சேரும். நாள் முழுக்க லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருக்கிற உடம்புக்கு இது பெரிய விஷயம். நாலு மாசம் பயிற்சி செய்தேன். 25 மீட்டர் நீச்சல் குளத்தை 30 தடவை கடந்தால் 750 மீட்டர். நிற்காமல் அதை முடித்த அன்று, எல்லாம் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ரேஸ் அன்று காலையில் கடலில் இறங்கினேன். குளத்தில் அடியில் ஒரு கோடு தெரியும். கடலில் ஒன்றும் தெரியாது. கலங்கல் தண்ணீர். பக்கத்தில் நீந்துகிறவர் கால் முகத்தில் படுகிறது. தலையைத் தூக்கினால் அலை. முதல் மிதவையைக்கூடத் தாண்டவில்லை, மூச்சு அடைத்தது. கையைத் தூக்கிவிட்டேன். பாதுகாப்புப் படகில் ஏற்றிக் கரையில் விட்டார்கள். என் சைக்கிள் நான் நிறுத்தின இடத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது.

அந்த வாரம் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. உண்மையைச் சொல்கிறேன், முருகன்கிட்டயும் பேசல. “தினமும் உன்னைக் கும்பிட்டுட்டுத்தானே போனேன்?” என்று கோபம். இனி தண்ணீர் பக்கமே போவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன்.

ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. அம்மா திருச்செந்தூர் போகணும்னாங்க. துணைக்குப் போனேன். கடற்கரை முழுக்கக் கூட்டம். யானைமுகன், சிங்கமுகன், அப்புறம் சூரபத்மன் என்று ஒவ்வொருவராக வந்து வேலுக்கு முன்னால் விழுந்தார்கள். கடைசியில் மாமரம். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் சூரன் நடுக்கடலில் மாமரமாக நிற்பான். வேல் போய் அதை இரண்டாகப் பிளக்கும்.

பக்கத்தில் அப்பா தோளில் உட்கார்ந்திருந்த ஒரு குட்டிப் பையன் கேட்டான், “சூரன் செத்துட்டானாப்பா?”

“சாகலடா. மயிலாயிட்டான், சேவலாயிட்டான்.”

சின்ன வயசிலிருந்தே தெரிந்த கதைதான். ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. முருகன் நினைத்திருந்தால் சூரனைச் சாம்பலாக்கியிருக்கலாம். செய்யவில்லை. ஒரு பாதியை மயிலாக்கி அதன் மேல் ஏறி உட்கார்ந்தான். இன்னொரு பாதியைச் சேவலாக்கிக் கொடியில் வைத்தான். சூரனிடம் இருந்த பலம் எங்கேயும் போகவில்லை. யார் மேலே, யார் கீழே என்பது மட்டும் மாறியது.

நான் இத்தனை நாள் வேண்டிக்கொண்டது என்ன? “முருகா, என் பயத்தை இல்லாம பண்ணிடு.” அவன் சூரனையே இல்லாமல் பண்ணவில்லை, என் பயத்தையா பண்ணப்போகிறான்?

திரும்பி வந்து மறுபடி ஆரம்பித்தேன். பயிற்சியாளர் என் தப்பைக் கண்டுபிடித்தார். “நீங்க மூச்சை இழுக்கறீங்க, விடறதே இல்ல.” மூச்சை உள்ளே பிடித்து வைத்தால் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து, மூச்சு முட்டுகிற உணர்வு வந்துவிடும். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மெதுவாக வெளியே விடணும். அந்த மூச்சில் நான் ஆறெழுத்தை வைத்தேன். ச, ர, வ, ண, ப, வ. குமிழியாக வெளியே விட்டு, முகத்தைத் திருப்பி ஒரு மூச்சு. மறுபடி ஆறெழுத்து. வார இறுதிகளில் குழுவோடு, பாதுகாப்பு ஆட்கள் இருக்கும்போது மட்டும் கடலில் பயிற்சி.

சிக்கலில் அம்மையிடம் வேல் வாங்கும்போது சிங்காரவேலர் திருமேனியில் வியர்வை துளிர்க்கும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. செந்தூர்ப் போருக்கு முன்னால் அவனுக்கே வியர்க்கிறது என்றால், ரேஸுக்கு முன்னால் நமக்கு வியர்ப்பதில் என்ன வெட்கம்?

இரண்டாவது ரேஸ். கடலில் கிட்டத்தட்ட அதே தூரத்தில், அதே பயம் வந்து நெஞ்சைப் பிடித்தது. “வாடா, உன்னைத்தான் எதிர்பார்த்தேன்” என்றேன் மனசுக்குள். மல்லாந்து மிதந்தேன். ஆறெழுத்தை நாலஞ்சு தடவை சொன்னேன். படகைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம், அது நம்மை முன்னால் இழுத்துப் போகக் கூடாது, அவ்வளவுதான் விதி. அதையும் கூச்சப்படாமல் செய்தேன். பிறகு நீந்தினேன். பயம் கூடவே வந்தது. ஆனால் இந்தத் தடவை அது எனக்கு வேலை செய்தது. அடிக்கடி தலையைத் தூக்கி மிதவையைப் பார்க்க வைத்தது, அவசரப்படாமல் இருக்க வைத்தது. சைக்கிள் முடித்து இறங்கியபோது கால் இரண்டும் என்னுடையது மாதிரியே இல்லை. நடந்தும் ஓடியும் நான் முடித்தபோது பந்தலைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள்!

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முருகன் பார்த்துக்குவான் என்று சொல்லி யாரும் தனியாகக் கடலில் இறங்காதீங்க. பயிற்சி இல்லாமல் இறங்குவது பக்தி இல்லை.

உங்களுக்கும் ஒரு நடுக்கடல் இருக்கும். இன்டர்வியூவாக இருக்கலாம், அரியர் பேப்பராக இருக்கலாம், வீட்டில் சொல்ல முடியாத ஒரு விஷயமாக இருக்கலாம். அதை அழிக்கச் சொல்லி வேண்டாதீங்க. அதன் மேல் ஏறி உட்காரத் தெம்பு கேளுங்க.

தினமும் “வேலும் மயிலும் துணை” என்கிறோம். வேல் சரி. அந்த மயில் யாரு? பழைய சூரன்தானே!

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!