சிரிப்புக்கும் கணக்கு உண்டு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, வேலூர் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளின் அடுப்பு தோல் தொழிலால் எரிகிறது. பச்சைத் தோலைச் சுண்ணாம்பிலிட்டு, மயிர் களைந்து பதனிடும் கைகள் ஹலாலான உணவைத் தேடும் கைகளாகும். அக்கைகள் வளர்த்த பிள்ளை வகுப்பில் வந்து அமர்ந்ததும், பக்கத்துப் பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பட்டப்பெயர் சொல்கிறான். வகுப்பே சிரிக்கிறது. ஆசிரியரும் புன்னகைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்கிறார். இங்கே குற்றவாளி யார்?

“பிள்ளை விளையாட்டுதானே! நாமும் இப்படித்தானே வளர்ந்தோம்?” என்பர் சிலர். விளையாட்டென்றால் இருவரும் சிரிக்க வேண்டும். ஒருவன் அழ, மற்றவர் சிரிப்பது விளையாட்டன்று, அநீதி. பரிகாசத்தையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் திருமறையின் 49-வது அத்தியாயம் தெளிவாகத் தடுத்திருக்கிறது.

மிஸ்வாக் குச்சி ஒடிக்க மரமேறிய இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கேட்டும் கேளாதது போல் இருக்கவில்லை. அக்கால்கள் மீஸான் தராசில் உஹது மலையைவிடக் கனமானவை என்று, சிரித்தவர்கள் முன்னிலையிலேயே அறிவித்தார்கள். எவர் முன் மானம் போயிற்றோ, அவர் முன்னாலேயே அது மீட்கப்பட்டது. ஆசிரியர் என்பவரின் வேலை இதுவே. அவர் மௌனமாயிருந்தால், அந்த மௌனத்தைப் பிள்ளைகள் அனுமதி என்றே படித்துக்கொள்வர்.

சொல்லில் தொடங்கும் தீமை சொல்லோடு நின்றுவிடுவதுமில்லை. நெல்லை மாவட்டம் நாங்குநேரியில், சாதியின் பேரால் உடன் படிப்பவர்களின் தொல்லைக்கு ஆளான பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் பள்ளிக்குப் போகாமல் நின்றார். காரணம் கேட்கப்பட்டபோது உண்மையைச் சொன்னார். அதன் பின், 2023 ஆகஸ்டில், சக மாணவர்களே வீடு புகுந்து அவரையும் தங்கையையும் அரிவாளால் வெட்டினர். அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. புகாரைக் கேட்டால் மட்டும் போதாது. சொன்ன பிள்ளையைக் காக்கவும் வேண்டும் என்பதே நாம் பெறும் பாடம்.

“நம்மிடம் சாதி ஏது?” என்று நாம் ஆறுதல் கொள்ள வேண்டாம். உருது பேசும் பிள்ளை தமிழ் பேசும் பிள்ளையையும், முதலாளி வீட்டுப் பிள்ளை தொழிலாளி வீட்டுப் பிள்ளையையும் ஏளனம் செய்வதை நாம் கண்டதில்லையா?

அநீதி இழைப்பவனுக்கும் உதவுங்கள், அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று நபிமொழி கற்பிக்கிறது. தடுப்பது வேறு, பிரம்பெடுப்பது வேறு. மாணவரை அடிப்பதையும் மனத்தால் வதைப்பதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துள்ளது. அடிபட்டவன், வலியவன் அடிக்கலாம் என்றே கற்கிறான். தனியே அழைத்துப் பேசுவதும், அடிக்கடி வராத பிள்ளையிடம் காரணம் கேட்பதும் ஆசிரியரால் ஆகாத காரியமல்ல.

பெற்றோரே! மகன் ஒருவனை அழவைத்து வந்ததைப் பெருமையாகப் பேசும் வீட்டில்தான் முதல் பாடம் நடக்கிறது. இன்றிரவு உணவு விரிப்பில் பிள்ளையிடம், “உன்னை யாரும் அழவைத்தார்களா?” என்று கேளுங்கள், “நீ யாரையும் அழவைத்தாயா?” என்றும் கேளுங்கள். பிள்ளைகள் நம்மிடமுள்ள அமானிதம். அதைப் பேணும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நமக்கும் ஆசிரியர்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.