கஞ்சமலை அடிவாரத்தில்

சேலத்துக்கு மேற்கே கஞ்சமலை. மழைநீர் வடிந்த பிறகு அடிவாரத்து ஓடைகளில் மணலுக்கு மேல் கருப்பாக ஒரு படிவு கிடக்கும். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும். மேக்னடைட் என்னும் இரும்புத்தாது. அமாவாசைக்குச் சித்தர் கோவிலுக்கு வருகிறவர்கள் இரும்பின் மேல்தான் நடந்து போகிறார்கள்.

*

இந்த மலைப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. அன்றைய கடல்நீரில் இரும்பு கரைந்திருந்தது. அது ஆக்சிஜனோடு சேர்ந்து அடியில் அடுக்கடுக்காகப் படிந்தது. உலகெங்கும் உள்ள இத்தகைய படிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜனைக் கொடுத்தவை நுண்ணுயிர்கள் என்பது பரவலான விளக்கம். அப்படியென்றால் இரும்புத்தாது ஒருவகையில் ஆதி உயிர்கள் விட்ட மூச்சு. நெடுநேரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

இரும்பை எடுப்பது என்றால் அந்த ஆக்சிஜனைப் பிரிப்பது. பிரிக்கக் கரி வேண்டும். உலையில் கரி எரிந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடு, தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு கரியமில வாயுவாக வெளியேறுகிறது. அன்றும் இன்றும் பெரும்பாலான உலைகளில் நடப்பது இதுதான். கரி எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

*

சேலம் பக்கத்துக் கொல்லர்கள் மண்மூசையில் இரும்புத்துண்டோடு ஆவாரங்கட்டையை நறுக்கிப் போட்டு, மேலே எருக்கிலை வைத்து, வாயை மண்ணால் பூசி உருக்கு காய்ச்சினார்கள். இதை எழுதிவைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத், கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர். வேலிக்காலில் தானாக முளைக்கும் செடிகள் இரண்டும். வெட்டினால் மறுபடி துளிர்க்கும். ஆனாலும் மூசைக்குள் வைத்த இரும்பை முதலில் தாதுவிலிருந்து பிரித்தெடுக்க மரக்கரிதான் எரிந்தது. பழைய முறை காட்டைத் தொடவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அது தொட்ட அளவு சிறியது.

அதே ஹீத் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை கட்டினார். தாது சேலத்துப் பக்கமிருந்து வந்தது. நிலக்கரி அருகில் இல்லாததால் எரிக்க மரக்கரி. காட்டில் வெட்டிக்கொள்ளக் கம்பெனி உரிமை கொடுத்தது. இங்கிலாந்து வரைக்கும் இரும்பு கப்பலேறிப் போனது. ஆனால் உலையின் பசி மரம் வளரும் வேகத்துக்குக் காத்திருக்கவில்லை. விறகு தேடி மேலும் மேலும் தூரம் போக வேண்டி வந்தது. ஆலை சில பத்தாண்டுகளுக்கு மேல் நிற்காததற்கு அதுவும் ஒரு காரணம். ஆலையின் லாப நட்டம் ஏடுகளில் இருக்கிறது. வெட்டுண்ட மரங்களை எண்ணி வைத்தவர் யார்?

*

இன்று உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 190 கோடி டன் உருக்கு செய்கிறது. நிலக்கரி போட்டு எரிக்கும் ஊதுலை வழியில், ஒரு டன் உருக்குக்கு இரண்டு டன்னுக்கும் கூடுதலாகக் கரியமில வாயு போகிறது. கையில் கிடைப்பதைவிடக் காற்றில் போவதுதான் எடை கூட. தராசில் நிற்பது ஒன்று மட்டும்.

*

சேலத்தில் 1981-இல் உருக்காலை இயங்கத் தொடங்கியது. கஞ்சமலைத் தாதுவை நம்பி மக்கள் கேட்ட ஆலை அது. வந்ததோ, வெளியூர்ச் சுருள்களை வாங்கித் துருப்பிடிக்காத தகடாக உருட்டும் ஆலை. மலை தப்பியது. பிறகு 2000-களில் கஞ்சமலையிலும், திருவண்ணாமலை அருகே கவுத்திமலை, வேடியப்பன்மலையிலும் சுரங்கம் தோண்டும் பேச்சு எழுந்தபோது ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். அவர்கள் செய்தது சரி. இந்தத் தாதுவில் இரும்பு நூற்றுக்கு நாற்பது பங்கைத் தாண்டுவது அரிது. பாறையை மாவாக அரைத்து இரும்பைப் பிரித்த பின் மீதியை எங்காவது கொட்ட வேண்டும். காற்று அடிக்கும், மழை பெய்யும், கீழே வயல் இருக்கிறது.

*

ஸ்வீடனில் லூலியோ நகரத்துச் சோதனை ஆலையில், 2021-இல் கரிக்குப் பதில் ஹைட்ரஜனைக் கொண்டு இரும்பைப் பிரித்துக் காட்டினார்கள். தாதுவின் ஆக்சிஜன் அங்கே நீராவியாக வெளியேறுகிறது. படித்தபோது மனசு நிறைந்தது. ஆனால் ஹைட்ரஜனை உண்டாக்க ஏராளமான மின்சாரம் வேண்டும். அது நிலக்கரி மின்சாரமானால் புகை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

*

பிரித்த ஆக்சிஜனை இரும்பு மறக்காது. ஈரம் பட்டால் திரும்பச் சேர்ந்துகொள்ளும், அதுதான் துரு. துருப்பிடித்தால் இரும்பு மண்ணுக்குத் திரும்பிவிடும். அதைச் செய்தபோது போன புகை திரும்பாது. புது இரும்புக்கு மறுபடியும் கரி.

1914-இல் திறந்த பாம்பன் பாலம், கடற்காற்று அரித்து 2022 கடைசியில் ரயில் நின்றுபோகும் வரை, நூறாண்டுக்கு மேல் தாங்கியது. உப்பைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தபடியே இருந்த தொழிலாளிகளைச் சுற்றுச்சூழலோடு சேர்த்து யாரும் பேசுவதில்லை. நான் பேசுவேன். ஒரு பாலத்துக்கான உருக்கை மறுமுறை காய்ச்சாமல் அத்தனை காலம் தள்ளிப்போட்டவர்கள் அவர்கள். பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத கம்பிகளைப் போட்டு, கடற்காற்றைத் தாங்கும் விசேஷப் பெயின்ட் பூசியிருக்கிறார்கள். அதையும் அடிக்கடி ஏறிப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.